இடஞ்சுட்டிப் பொருள் விளக்குக: குர்ஆன் வசனங்களில் பேசுவது யார்?

பள்ளித் தமிழ்ப் பரீட்சையில் "இடஞ்சுட்டிப் பொருள் விளக்குக" என்று ஒரு கேள்வி வரும், ஞாபகம் இருக்கா? பாடத்தில் இருந்து ஒரே ஒரு வரியை வெட்டிக் கொடுத்துவிடுவார்கள். அது எங்கே வருகிறது, யார் யாரிடம் சொன்னது என்று முதலில் எழுத வேண்டும். பொருள் அதற்குப் பிறகுதான். இடத்தை விட்டுவிட்டு பொருளை மட்டும் பக்கம் பக்கமாக எழுதினாலும் எங்கள் தமிழம்மா மார்க் போட மாட்டார். எல்.கே.ஜி.யில் இருந்தே இங்கிலீஷ் மீடியத்தில் படித்த எனக்கு, தமிழ்ப் பாடத்தில் இருந்து கையோடு வந்த விஷயம் என்றால் அந்தக் கேள்விதான்.

அதே கேள்வியைக் குர்ஆன் வசனங்களிடம் கேட்டுப் பார்க்கலாம் என்றுதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

கேட்க வேண்டிய அவசியம் இருக்கு. வசன எண்ணோடு ஒரு வரி படமாக வாட்ஸ்அப்பில் வருகிறது. பின்னணியில் ஒரு பள்ளிவாசல், ஓரத்தில் ரோஜாப்பூ, நடுவில் அந்த வரி. முஸ்லிம்களும் அனுப்புறாங்க, முஸ்லிம்களைத் திட்டுறவங்களும் அனுப்புறாங்க. டிசைன் மட்டும்தான் வேற. பெரும்பாலும் எண் சரியாகவே இருக்கும். மொழிபெயர்ப்பும் சரியாகவே இருக்கும். பேசினவர் மட்டும் காணாமல் போயிருப்பார்.

முதலில் அடிப்படை. முஸ்லிம்களின் நம்பிக்கைப்படி குர்ஆன் முழுவதும் இறைவனின் பேச்சு. ஜிப்ரீல் என்ற மலக்கு (வானவர்) கொண்டுவந்தார். முஹம்மது நபி சுமார் 23 ஆண்டுகளில் அதைப் பெற்று மக்களுக்கு ஓதிக் காட்டினார். நபி தன் சொந்த வார்த்தையில் சொன்னவை ஹதீஸ். அவற்றுக்குத் தனி நூல்கள் இருக்கின்றன. இரண்டுக்கும் நடுவில் 'ஹதீஸ் குத்ஸி' என்று ஒரு வகை உண்டு. "இறைவன் இப்படிச் சொன்னான்" என்று நபியே எடுத்துச் சொல்வது அது. இறைவனின் கருத்தே ஆனாலும் தொழுகையில் குர்ஆனுக்குப் பதிலாக அதை ஓத முடியாது. பேசுபவர் விஷயத்தில் அவ்வளவு கறாரான மரபு.

அப்படின்னா எல்லா வசனத்திலும் பேசுவது அல்லாஹ்தானே, இதில் என்ன கேள்வி என்று தோன்றும். ஆனால் அந்த ஒரே பேச்சுக்குள் ஏகப்பட்ட பேர் பேசுகிறார்கள். நபிமார்கள், அரசர்கள், இப்லீஸ், நரகவாசிகள், ஏன், 27:18ல் ஒரு எறும்புகூடப் பேசுகிறது. 79:24ல் ஃபிர்அவ்ன் தன்னையே மிக உயர்ந்த இறைவன் என்று அறிவிக்கிறான். அது குர்ஆன் வசனம்தான். அதனால் அது குர்ஆனின் கருத்தாகிவிடுமா? அங்கே யாரும் குழம்ப மாட்டார்கள், வில்லன் யாரென்று எல்லோருக்கும் தெரியும். பேசுகிற ஆளின் முகம் தெரியாதபோதுதான் பிரச்சினை.

கிழிந்த சட்டை

பெண்களின் சூழ்ச்சி மிகப் பெரியது என்ற கருத்தில் ஒரு வரி, 12:28 என்ற எண்ணோடு சுற்றுகிறது. ஒரு பொண்ணாக இதை நான் எத்தனை தடவை கேட்டிருப்பேன் என்று எண்ணவே முடியாது. கல்யாண வீட்டு அரட்டையில் கேலியாக, வீட்டில் பேச்சை முடித்துவைக்கும் கடைசி வார்த்தையாக. "இது நான் சொல்லலம்மா, அல்லாஹ்வே சொல்றான்" என்ற பின்குறிப்போடு.

சரி, இடம் சுட்டுவோம். 12ஆவது அத்தியாயம் யூசுஃப் நபியின் கதை. எகிப்தில் ஒரு பெரிய அதிகாரியின் வீட்டில் அவர் வளர்கிறார். அதிகாரியின் மனைவி அவர்மேல் ஆசைப்பட்டுக் கதவுகளை அடைக்கிறாள். அவர் வாசலை நோக்கி ஓட, பின்னால் வந்து சட்டையைப் பிடித்து இழுக்கிறாள், சட்டை கிழிகிறது. வாசலில் கணவன் நிற்கிறான். அவள் உடனே பழியை யூசுஃப் மேல் போடுகிறாள். அவளுடைய குடும்பத்திலேயே ஒருவர் தடயவியல் நிபுணர் மாதிரி ஒரு யோசனை சொல்கிறார்: சட்டை முன்பக்கம் கிழிந்திருந்தால் அவள் சொல்வது உண்மை, பின்பக்கம் கிழிந்திருந்தால் அவர் சொல்வது உண்மை. பார்த்தால் பின்பக்கம். அப்போது ஒருவர் "இது உங்கள் சூழ்ச்சி, பெண்களே" என்கிற தோரணையில் பேசுகிறார். அந்தப் பேச்சின் துண்டுதான் 12:28.

பேசுகிறவர் கணவன் என்பது பெரும்பாலான விளக்கம். அந்த யோசனை சொன்ன சாட்சி என்று சொன்னவர்களும் உண்டு. அடுத்த வசனத்தையும் சேர்த்துப் படித்தால் சந்தேகமே வராது. அதே குரல் யூசுஃபைப் பார்த்து இதைப் பெரிதாக்காதே என்கிறது. உடனே அந்தப் பெண்ணைப் பார்த்து, தப்பு உன்னுடையது, மன்னிப்புக் கேள் என்கிறது. அறைக்குள் நின்று இரண்டு பேரை மாறி மாறிப் பார்த்துப் பேசுகிற ஒரு மனிதனின் குரல் அது. மானம் போன கோபத்தில் ஒரு கணவன் சொன்னதை எடுத்து எல்லாக் காலத்துப் பெண்களுக்கும் இறைவன் எழுதிய தீர்ப்பாக மாற்றியிருக்கிறார்கள்.

இது வாட்ஸ்அப் காலத்து வியாதி மட்டும் இல்லை. 1144ல் இறந்த ஸமக்ஷரீ தன் தஃப்ஸீரில் (குர்ஆன் விளக்கவுரையில்) பெயர் சொல்லாமல் ஒரு அறிஞரின் பேச்சைப் பதிவு செய்திருக்கிறார். ஷைத்தானைவிடப் பெண்களைக் கண்டுதான் எனக்குப் பயம். ஷைத்தானின் சூழ்ச்சி பலவீனமானது என்று குர்ஆன் சொல்கிறது (4:76), பெண்களுடையதோ பெரியது என்கிறது (12:28) என்பது அவர் வாதம். கேட்க சாமர்த்தியமா இருக்கு. ஆனால் 4:76ல் பேசுவது இறைவன். 12:28ல் பேசுவது கதைக்குள் இருக்கும் ஒருவர். இரண்டையும் ஒரே தராசில் வைத்தால் எப்படி?

இன்னொன்று. அங்கே 'சூழ்ச்சி' என்பதற்கு வரும் அரபிச் சொல் 'கைத்'. இதே அத்தியாயத்தின் 5ஆம் வசனத்தில் யூசுஃபின் தந்தை யஃகூப், உன் அண்ணன்மார்கள் உனக்கு எதிராகச் சூழ்ச்சி செய்வார்கள் என்று எச்சரிக்கும்போது அதே சொல்தான். 76ஆம் வசனத்தில் யூசுஃபுக்காக இறைவனே போட்ட திட்டத்துக்கும் அதே வேர்ச்சொல்தான். கதையில் முதல் சூழ்ச்சி செய்து தம்பியைக் கிணற்றில் போட்டவர்கள் ஆண்கள். 'ஆண்களின் சூழ்ச்சி' என்று யாரும் படம் போட்டு அனுப்பியதை நான் பார்த்ததில்லை.

மூச்சு விடாமல் ஒரு நிறுத்தம்

கோடிங்கில் ஒரு மேற்கோள் குறியைத் திறந்துவிட்டு மூட மறந்தால் கம்பைலர் நம்மை விடாது. குர்ஆனின் அரபி மூலத்தில் மேற்கோள் குறி என்பதே கிடையாது. அரபி எழுத்தில் அந்தக் குறிகள் வந்தது நவீன காலத்தில்தான். இன்றும் அரபி முஸ்ஹஃபில் (குர்ஆன் பிரதியில்) போடுவதில்லை. அப்படியென்றால் ஒருவர் பேச்சு முடிந்து இன்னொருவர் பேச்சு தொடங்குவதை எப்படிக் கண்டுபிடிப்பது? பெரும்பாலும் 'அவன் சொன்னான்', 'அவர்கள் சொன்னார்கள்' என்று வரும். அது இல்லாத இடங்களில் ஓதுகிறவரின் குரலே அந்த வேலையைச் செய்கிறது.

எங்கள் தெரு மத்ரஸாவில் சாயங்காலம் ஓதப் போகும்போது, யாஸீன் ஸூராவின் 52ஆம் வசனத்தில் ஒரு இடத்தில் ஹஜ்ரத் எல்லோரையும் நிறுத்துவார். மூச்சு விடக்கூடாது, ஆனால் குரல் ஒரு கணம் நிற்க வேண்டும். அதன் பெயர் 'ஸக்தா'. சின்ன வயதில் அது எனக்கு ஒரு விளையாட்டு மாதிரி. அர்த்தம் யாரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. காலேஜ் வந்த பிறகு மொழிபெயர்ப்போடு படித்தபோதுதான் அந்த ஒரு கணத்துக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்தது.

மறுமை நாள். கப்றுகளில் இருந்து எழுப்பப்படுகிறவர்கள் திகைத்துப்போய், எங்கள் படுக்கையில் இருந்து எங்களை எழுப்பியது யார் என்று அலறுகிறார்கள். அங்கே ஸக்தா. அதற்குப் பிறகு ஒரு பதில்: அளவற்ற அருளாளன் வாக்களித்தது இதுதான் என்று. பதில் சொல்வது மலக்குகள் என்று ஒரு விளக்கம், நம்பிக்கையாளர்கள் என்று இன்னொன்று, எழுந்தவர்களே சுதாரித்துக்கொண்டு சொல்வது என்றும் ஒன்று. முதல் இரண்டு விளக்கத்தின்படி அலறினவர் வேறு, பதில் சொன்னவர் வேறு. நடுவில் 'சொன்னார்கள்' என்று ஒரு சொல் கிடையாது. நிறுத்தாமல் ஓதினால் இரண்டும் ஒரே வாயில் இருந்து வந்தது போல் கேட்கும். உலகில் இன்று மிகப் பரவலாக ஓதப்படும் ஹஃப்ஸ் ஓதல் முறையில் இப்படி நான்கு ஸக்தாக்கள் உண்டு. எல்லாமே பேசுபவரைப் பிரிக்க வைத்தவை இல்லை; இந்த இடத்தில் அதுதான் வேலை.

அதே யாஸீனில் 76ஆம் வசனத்துக்கு வாருங்கள். மறுப்பவர்களின் பேச்சு உம்மை வருத்தப்படுத்த வேண்டாம் என்று நபிக்கு ஆறுதல். உடனே, அவர்கள் மறைப்பதையும் வெளிப்படுத்துவதையும் நாம் அறிவோம் என்று வருகிறது. நிறுத்தாமல் படித்தால் 'நாம் அறிவோம்' என்பதுதான் அந்த மறுப்பவர்களின் பேச்சு என்பது போல ஆகிவிடும். முழு அர்த்தமும் தலைகீழ். அதனால் நம் ஊரில் கிடைக்கும் முஸ்ஹஃபுகளில் அந்த இடத்துக்கு மேலே சின்னதாக 'மீம்' என்ற எழுத்து போட்டிருக்கும். கட்டாயம் நிறுத்து என்று அர்த்தம். இந்த மாதிரி நிறுத்தக் குறிகளை ஒழுங்குபடுத்தியவர் 12ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஸஜாவந்தீ. பேசுபவர் யார் என்ற ஆராய்ச்சியை ஒற்றை எழுத்தில் சுருக்கி, அர்த்தம் தெரியாமல் ஓதுகிற ஒரு பத்து வயசுப் பிள்ளையின் வாயிலும் தப்பு வராமல் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். இன்டர்ஃபேஸ் டிசைன் என்றால் இதுதான்.

நான், நாம், அவன்

இது வரை கதைக்குள் பேசுகிறவர்கள். இறைவன் பேசும் இடங்களிலேயே வரும் குழப்பம் தனி. ஒரு இடத்தில் 'நான்' என்கிறான், ஒரு இடத்தில் 'நாம்', இன்னொரு இடத்தில் 'அவன்' என்று யாரோ மூன்றாவது ஆளைப் பற்றிப் பேசுவது போல. சில நேரம் ஒரே வசனத்தில் இரண்டும் வரும். 17:1, நபியின் இரவுப் பயணத்தைச் சொல்லும் வசனம். தன் அடியாரை அழைத்துச் சென்றவன் தூயவன் என்று படர்க்கையில் தொடங்குகிறது. நாம் அதன் சுற்றுப்புறத்துக்கு அருள் செய்தோம், நம் சான்றுகளைக் காட்டுவதற்காக என்று தன்மைக்கு வருகிறது. அவனே கேட்பவன், பார்ப்பவன் என்று மறுபடி படர்க்கையில் முடிகிறது.

அரபி இலக்கணக்காரர்கள் இதற்கு வைத்த பெயர் 'இல்திஃபாத்'. முகத்தைத் திருப்புதல் என்று பொருள். மேடையில் பேசுகிறவர் ஒரு பக்கம் பார்த்துப் பேசிக்கொண்டே சட்டென்று இன்னொரு பக்கம் திரும்புவார் இல்லையா, அது. 1239ல் இறந்த இப்னுல் அதீர் இதை அரபி மொழியின் துணிச்சல் என்று குறிப்பிட்டிருக்கிறார். நமக்கும் இது முழுக்கப் புதுசு இல்லை. "இந்த ரவி ஒரு தடவை சொன்னா மாற மாட்டான்" என்று ரவியே சொன்னால் அதை இடவழு என்று அடிக்காமல் இடவழுவமைதி என்று நம் இலக்கணம் ஏற்றுக்கொள்ளும்.

இல்திஃபாத்துக்கு எல்லாப் புத்தகங்களிலும் வரும் உதாரணம் 10:22. எனக்குப் பிடித்ததும் அதுதான். கடல் பயணம். நீங்கள் கப்பலில் ஏறுகிறீர்கள் என்று கேட்பவர்களை நேரே பார்த்துப் பேச்சு தொடங்குகிறது. நல்ல காற்று அடிக்கிறது, கப்பல் நகர்கிறது. அந்த நொடியில் 'நீங்கள்' போய் 'அவர்கள்' வந்துவிடுகிறது. அவர்கள் மகிழ்கிறார்கள், புயல் வருகிறது, நாலா பக்கமும் அலை, அவர்கள் இறைவனை அழைக்கிறார்கள். கரையில் நின்றபடி வழியனுப்பினவர் பார்வையில் கப்பல் தூரம் போகப் போக 'நீங்கள்' 'அவர்கள்' ஆவதில் என்ன அதிசயம்? இது என் வாசிப்பு. பழைய உரையாசிரியர்கள் வேறு மாதிரி சொல்கிறார்கள்: இவர்களின் நிலைமையை மற்றவர்களிடம் காட்டி, பார்த்தீர்களா இவர்கள் செய்வதை என்று வியக்க வைப்பதற்காக முகம் திருப்பப்படுகிறது என்று. அடுத்த வசனத்தைப் பார்த்தால் அவர்கள் சொல்வதும் பொருந்துகிறது. கரை சேர்ந்ததும் அந்த ஆட்கள் பழைய அட்டகாசத்தைத் தொடங்கிவிடுகிறார்கள். உடனே பேச்சு மறுபடி 'மனிதர்களே' என்று முன்னிலைக்குத் திரும்புகிறது.

'நாம்' என்பது எத்தனை பேர் என்ற கேள்விக்கு மரபான பதில்: அது எண்ணிக்கைப் பன்மை இல்லை, மாட்சிமைப் பன்மை, ராஜா பேசுவது போல. வணக்கம் எனக்கு மட்டும்தான் என்று சொல்லும் இடத்தில் (20:14) ஒருமை 'நான்' வந்துவிடுவதை இதற்குத் துணையாகக் காட்டுவார்கள். எடின்பரோவில் அரபி கற்பித்த ரிச்சர்ட் பெல் போன்ற மேற்கத்திய ஆய்வாளர்கள் வேறு கோணத்தில் பார்த்தார்கள். 'நாம்' பேசி, 'உம் இறைவன்' என்று மூன்றாவது ஆளாக இறைவன் குறிப்பிடப்படும் இடங்களை மலக்குகளின் பேச்சாக வாசிக்கலாம் என்பது பெல்லின் எண்ணம். முஸ்லிம் மரபு இதை ஏற்காது. ஆனால் மலக்குகளே பேசும் வசனங்கள் உண்டு என்பதை மரபும் ஒப்புக்கொள்கிறது. 19:64ல், உம் இறைவனின் உத்தரவு இல்லாமல் நாங்கள் இறங்கி வருவதில்லை என்று ஒரு குரல் கேட்கிறது. யார் என்ற அறிமுகமே இல்லை. நீங்கள் ஏன் இன்னும் அடிக்கடி வரக்கூடாது என்று நபி ஜிப்ரீலிடம் கேட்டதாகவும், அதற்குப் பதிலாக இந்த வசனம் வந்ததாகவும் புகாரீயில் ஒரு ஹதீஸ் இருக்கிறது. அந்த ஹதீஸைத் தெரிந்துகொண்டு படித்தால் ஒரு சின்ன நட்பு தெரிகிறது அந்த வசனத்தில். தெரியாமல் படித்தால் தலையும் இல்லை வாலும் இல்லை.

சொல்வீராக!

'குல்' என்றால் 'சொல்'. குர்ஆனில் 300 தடவைக்கு மேல் வருகிறது. கடைசி இரண்டு அத்தியாயங்களும் 'குல்' என்றுதான் தொடங்கும். அவற்றுக்கு முந்தைய 112ஆவதும் அப்படியே. யோசித்துப் பார்த்தால் விசித்திரமான விஷயம். "போய் அவன்கிட்ட நாளைக்கு வரேன்னு சொல்லு" என்று அம்மா அனுப்பினால் நாம் போய் "நாளைக்கு வராங்களாம்" என்போம். "நாளைக்கு வரேன்னு சொல்லு" என்று அப்படியே ஒப்பிக்க மாட்டோம். நபியோ 'சொல்' என்ற சொல்லையும் சேர்த்தே ஓதினார். இது என் பேச்சு இல்லை, எனக்குச் சொல்லப்பட்டது என்ற முத்திரை மாதிரி அது ஒவ்வொரு முறையும் நிற்கிறது.

'குல்' இல்லாத இடம்தான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. 2ஆவது அத்தியாயத்தில், மக்கள் உம்மிடம் இதைப் பற்றிக் கேட்கிறார்கள் என்று வரிசையாக வரும். பிறைகளைப் பற்றி (2:189), மதுவும் சூதாட்டமும் பற்றி (2:219), மாதவிடாய் பற்றி (2:222). ஒவ்வொன்றுக்கும் 'நீர் சொல்லும்' என்று தொடங்கித்தான் பதில். 2:186ல் மட்டும், என் அடியார்கள் என்னைப் பற்றி உம்மிடம் கேட்டால் என்று தொடங்கி, 'சொல்லும்' என்ற சொல்லே இல்லாமல் நான் அருகில் இருக்கிறேன் என்று நேரடியாக வந்துவிடுகிறது. கேள்வி நபி வழியாகப் போகிறது, பதில் நபியைத் தாண்டி நேரே வருகிறது. 1210ல் இறந்த ஃபக்ருத்தீன் ராஸி இதைக் கவனித்து எழுதியிருக்கிறார்: துஆ கேட்கும் இடத்தில் நடுவில் ஆள் தேவையில்லை என்பதைக் காட்டத்தான் 'குல்' விடுபட்டது என்று. ஒரு சொல்லின் இல்லாமையை வைத்து இவ்வளவு சொல்ல முடியுமென்று எனக்குத் தெரியாது.

சில இடங்களில் 'குல்' இல்லாமலே நபி பேசுவது போல இருக்கும். 6:104ல் நான் உங்கள்மேல் காவலாளி இல்லை என்று வருகிறது. அது நபியின் வாயில் வர வேண்டிய சொல். இங்கே ஒரு 'குல்' உள்ளே மறைந்திருக்கிறது என்று உரையாசிரியர்கள் நிரப்பிக்கொள்வார்கள். 21:4ல் இன்னும் சுவாரசியம். ஹஃப்ஸ் முறையில் 'கால', அதாவது 'அவர் சொன்னார்'. வேறு சில ஓதல் முறைகளில் 'குல்', 'நீர் சொல்லும்'. வித்தியாசம் ஒரு 'அலிஃப்'. பழைய எழுத்தில் அந்த அலிஃப் இல்லாமலே எழுத முடியும் என்பதால் இரண்டுக்கும் இடமிருந்தது. இரண்டும் மரபில் ஏற்கப்பட்டவை.

முதல் அத்தியாயமான அல்ஃபாத்திஹாவில் கதை நேர் எதிர். இறைவன் பேச்சு என்றால், உன்னையே நாங்கள் வணங்குகிறோம் என்று இறைவன் யாரைப் பார்த்துச் சொல்கிறான்? 'குல்'லும் இல்லை. மரபின் பதில்: அடியார்கள் எப்படிக் கேட்க வேண்டும் என்று அவனே எழுதிக் கொடுத்த மனு அது. முதல் நாலு வசனங்கள் அவனைப் படர்க்கையில் புகழ்கின்றன, ஐந்தாவதில் முகம் திரும்பி 'உன்னை' ஆகிறது. தூரத்தில் நின்று ஒருவரின் குணங்களைச் சொல்லச் சொல்ல, கடைசியில் அவர் எதிரிலேயே நிற்பது போலத் தோன்றிவிடும் என்கிற மாதிரி ஸமக்ஷரீ விளக்குகிறார். நான் மேலே சொன்ன ஹதீஸ் குத்ஸி வகையில் ஒன்று ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கிறது. அடியான் ஃபாத்திஹாவின் ஒவ்வொரு வசனமாக ஓத ஓத, இறைவன் ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்வதாக. ஒரு நாளின் கட்டாயத் தொழுகைகளில் மட்டும் 17 ரக்அத். ரக்அத்துக்கு ஒரு தடவை இந்த ஸூரா. இந்த வசனங்களில் பேசுவது யார் என்று கேட்டால், ஓதுகிறவர்தான்.

தமிழில் தப்ப முடியாது

மேலே 'நாம்', 'நாங்கள்' என்று நான் மாற்றி மாற்றி எழுதியதைக் கவனித்தீர்களா? அரபியில் இரண்டுக்கும் ஒரே 'நஹ்னு'. இங்கிலீஷிலும் ஒன்றுதான். தமிழில் மட்டும் மொழிபெயர்ப்பாளர் ஒரு முடிவெடுத்தே ஆகணும்: கேட்பவர் உள்ளேயா, வெளியேயா? ஃபாத்திஹாவில் பேசுவது மனிதர்கள், கேட்பது இறைவன். அதனால் 'நாங்கள்' என்று வரும். இறைவன் பேசும் இடத்தில் 'நாம்' என்று போடுவதுதான் வழக்கம். சாதாரணத் தமிழில் 'நாம்' என்றால் கேட்பவரும் சேர்த்தி. "வானத்தை நாம் படைத்தோம்" என்பதைக் கேட்டு "நாமளா?" என்று என் சித்தி பையன் கேட்டான், ஏழு வயசு. நியாயமான கேள்வி. அது ராஜாக்கள் பேசும் 'நாம்' என்று அவனுக்கு விளக்க இருபத்து மூன்றாம் புலிகேசி படத்தைத்தான் துணைக்கு அழைத்தேன்.

'நீ' விஷயத்திலும் இதே மாதிரி. அரபியில் ஒருமை, இருமை, பன்மை, ஆண், பெண் எல்லாம் தனித்தனி. 12:28ல் வரும் 'உங்கள்' பெண்பால் பன்மை என்பது அரபியில் எழுத்திலேயே தெரியும். தமிழ் 'உங்கள்' அதைச் சொல்லாது. ஆனால் தமிழில் வேறு வசதி உண்டு. நபியைப் பேசும்போது 'நீர்', மக்களைப் பேசும்போது 'நீங்கள்', இறைவனை அழைக்கும்போது 'நீ' என்று பல மொழிபெயர்ப்புகள் பிரித்துவைக்கின்றன. குர்ஆன் முழுவதையும் முதலில் தமிழுக்குக் கொண்டுவந்த அப்துல் ஹமீது பாகவி காலம் தொட்டு, '(நபியே!)' என்று அடைப்புக்குறிக்குள் ஒரு விளிச்சொல்லும் சேர்க்கிறார்கள். அந்த அடைப்புக்குறிகளைத் தாண்டிப் போகாதீர்கள். இடம் சுட்டும் வேலை முழுக்க அங்கேதான் நடக்கிறது.

ஒரு கடினமான கணக்கு

மறுபடி யூசுஃப் கதை. அவர் சிறையில் இருக்கிறார். அரசன் கண்ட கனவுக்கு அவர் விளக்கம் சொன்னதால், அவரை அழைத்து வரச் சொல்கிறான். யூசுஃப் வர மறுக்கிறார்: முதலில் அந்தப் பெண்கள் விவகாரத்தை விசாரியுங்கள் என்கிறார். அரசன் விசாரிக்கிறான். அதிகாரியின் மனைவி எல்லோர் முன்னாலும், நான்தான் அவரை மயக்க முயன்றேன், அவர் உண்மையானவர் என்று ஒப்புக்கொள்கிறாள் (12:51). 52ல் ஒரு குரல்: அவர் இல்லாதபோது அவருக்கு நான் துரோகம் செய்யவில்லை என்பதை அவர் தெரிந்துகொள்ளத்தான் இது. 53ல் அதே குரல்: நான் என்னைத் தூய்மையானவன் என்றோ தூய்மையானவள் என்றோ சொல்லிக்கொள்ளவில்லை, மனித மனம் தீமையைத் தூண்டக்கூடியது. இப்படி 'அன்/அள்' இரண்டையும் நான் எழுத வேண்டியிருப்பதில் இருந்தே சிக்கல் புரிந்திருக்கும். அரபியில் தன்மை வினைக்கு ஆண்பால் பெண்பால் இல்லை.

923ல் இறந்த தபரீயும் வேறு பலரும் இது யூசுஃபின் பேச்சு என்கிறார்கள். அவள்தான் துரோகம் செய்ய முயன்றதை இப்போதுதானே ஒப்புக்கொண்டாள், துரோகம் செய்யவில்லை என்று சொல்லும் தகுதி யூசுஃபுக்குத்தானே? இறைவனின் அருளைப் பற்றி அப்படிப் பேசுவதும் ஒரு நபிக்குப் பொருந்துகிறது. முன்னறிவிப்பு இல்லாமல் குரல் மாறுவதும் குர்ஆனில் உள்ளதுதான். 27:34ல், அரசர்கள் ஒரு ஊருக்குள் புகுந்தால் அதை நாசமாக்குவார்கள் என்று ஸபா நாட்டு அரசி சொல்கிறாள். ஆமாம், அப்படித்தான் செய்வார்கள் என்ற கடைசித் துண்டு அவளுடையது இல்லை, இறைவன் அவள் சொன்னதை ஆமோதிப்பது என்று ஒரு விளக்கம் இப்னு அப்பாஸ் பெயரால் வந்திருக்கிறது.

1328ல் இறந்த இப்னு தைமிய்யாவும் அவருடைய மாணவர் இப்னு கஸீரும் ஒத்துக்கொள்ளவில்லை. யூசுஃப் இன்னும் சிறையில் இருக்கிறார். அவரை என்னிடம் கொண்டு வாருங்கள் என்று அரசன் மறுபடி சொல்வதே 54ல்தான். அறையில் இல்லாத ஆள் எப்படிப் பேசுவார்? பேசிக்கொண்டிருந்தவள் அவள், பேச்சைத் தொடர்கிறவளும் அவளே. அவர் முதுகுக்குப் பின்னால் அவர்மேல் பொய் சொல்லவில்லை என்றோ, கணவனுக்கு முழுத் துரோகம் நடக்கவில்லை என்றோ அவள் சொல்வதாக எடுத்துக்கொண்டால் 52ஆம் வசனம் இடிக்காமல் பொருந்துகிறது.

எனக்கு இரண்டாவது வாசிப்புதான் சரியாகப் படுகிறது, அறையில் இருப்பவர்களை எண்ணிப் பார்த்தால் போதும். இதனால் என்ன மாறுகிறது என்று கேட்டால், தீமையைத் தூண்டும் 'நஃப்ஸ்' என்று சூஃபி நூல்களில் இருந்து நம்ம ஊர் ஜும்ஆ பயான் வரை எடுத்துப் பேசப்படும் அந்தப் புகழ்பெற்ற கருத்து, ஒரு வாசிப்பில் நபி ஒருவரின் பணிவு. மற்றதில், 12:28ல் யாரைப் பார்த்து அந்த வரி வீசப்பட்டதோ, அதே பெண் தன் மனதைத் தானே பிரித்துப் பார்த்துச் சொன்ன உண்மை.

இங்கிலீஷில் படிக்கிறவர்களுக்கு ஒரு அசைன்மென்ட். 1930ல் வந்த பிக்தால் மொழிபெயர்ப்பையும், அதற்குச் சில ஆண்டுகளில் வந்த யூசுஃப் அலி மொழிபெயர்ப்பையும் எடுத்து 12:52ஐப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். பிக்தால் அடைப்புக்குறிக்குள் யூசுஃபின் பெயரைப் போட்டு அவரைப் பேச வைக்கிறார். யூசுஃப் அலி அந்தப் பெண்ணையே தொடர்ந்து பேச விடுகிறார். பிறகு உங்கள் வீட்டிலோ நூலகத்திலோ இருக்கும் தமிழ் மொழிபெயர்ப்பை எடுங்கள். அந்த வசனத்தில் அடைப்புக்குறி இருக்கிறதா, அதற்குள் யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள்.